நாற்பத்தேழாவது தட்டு

கையுறைத் தொழிற்சாலைக்குப் போவதை நிறுத்திய அன்று, என் மருமகள் சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள். கண்ணாடிக் கல், கம்பி, முத்து, குளூ கன், ஒரு கட்டுச் சவுரி முடி.

"மாமா, கல்யாணப் பொண்ணுங்களுக்குச் சாமான் செய்யப் போறேன். ஜடை, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், சீர்தட்டு, எல்லாம்."

"சரி," என்றேன்.

"நீங்களும்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நான் லாரி ஓட்டியவன். முதலில் ரப்பர் ஷீட் ஏற்றினேன். தோட்டங்களில் ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனைக் குலை ஏற்றினேன். படிப்பு ஆறாம் வகுப்பு. முட்டி போனதும் லாரியை விட்டேன். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. வீட்டில் நானும் மருமகளும். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அவள் தொழிற்சாலையை விட்டதற்குக் காரணம் கை. அங்கே இருக்கிற மருந்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிடும். டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு போட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆறும், திங்கட்கிழமை திரும்ப உரியும். இருந்தாலும் சூப்பர்வைசர் நல்ல பெண்மணி. "மூணு மாசம் உன் இடத்தை வச்சிருக்கேன். முடியலேன்னா வந்துடு," என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே மூன்று மாதம். அதற்குள் தொழில் நிற்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் கையுறை.

ஜடை செய்தால் ஒரு தலையில் மாட்டிப் பார்க்க வேண்டும். அவள் தலையின் பின்பக்கம் அவளுக்கே தெரியாது. கடையில் விற்கிற பொம்மைத் தலை சின்னது. வீட்டில் மிச்சம் இருந்தது என் தலை.

என் தலையில் முடி கிடையாது. ஒரு பின்னல் தொப்பியைப் போட்டு, அதில் ஜடையை ஊசியால் குத்தினாள். இடுப்பு வரை தொங்கியது. மல்லிகை, ரோஜா, நடுவில் கல் வைத்த வட்டப் பூ. நான் அப்படியே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நல்ல கனம். கழுத்துக்குப் பயிற்சி.

ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சீனர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பாசார் சந்தைப் பக்கத்தில் கோப்பிக்கடை வைத்திருப்பவர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் பேசுவார், அண்ணே மட்டும் ஆனே ஆகிவிடும்.

"ஆனே, இன்னிக்கி உனக்குக் கல்யாணமா?"

"இல்லை."

"பொண்ணு நீயா, மாப்பிள்ளை நீயா?"

"தலை மட்டும்தான் நான்," என்றேன்.

அவர் போய்த் தன் மனைவியைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "அழகா இருக்குலா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருமகள் அந்த ஜடையைப் பின்னாலிருந்து படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டாள். சட்டை தெரியக் கூடாது என்று தோளில் ஒரு பட்டுத் துணியைப் போர்த்திவிட்டாள். படத்துக்குக் கீழே நிறையப் பேர் எழுதினார்கள். "பொண்ணுக்குக் கழுத்து கொஞ்சம் தடிமன்," என்று ஒருவர். "நல்ல உழைக்கிற உடம்பு," என்று இன்னொருவர். பாகான் செராயில் இருந்து ஒரு அம்மா தனியாகச் செய்தி அனுப்பினார். பெண் யார், நட்சத்திரம் என்ன, தன் மகனுக்குப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"என்ன சொல்லட்டும் மாமா?"

"சுவாதி," என்றேன். அதுதான் என் நட்சத்திரம்.

படத்தை எல்லோரும் பார்த்தார்கள். சாமான் வாங்க ஆள் வரவில்லை. முதல் இரண்டு மாதத்தில் மூன்று நெத்திச்சுட்டி போயிற்று. அதில் ஒன்று திரும்பி வந்தது. பந்தியில் கல் கழன்று ரசத்தில் விழுந்துவிட்டதாம். பெண் அதை மிளகு என்று நினைத்துக் கடித்துவிட்டாளாம். பல்லுக்கு ஒன்றும் இல்லை.

மருமகள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஆனால் கை ஆறிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் தோல் புதிதாக வந்திருந்தது. டீ கொடுக்கும்போது பார்த்தேன். மூன்றாவது மாதம் பிறந்ததும் அவளும் கையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சுங்காயில் இருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குப் பரிசம். அவர்கள் முன்பு இருந்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. ஆட்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். மண்டபம் மட்டும் இருக்கிறது. பரிசம், கல்யாணம் என்றால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

"முந்நூறு பேர் வருவாங்க தங்கச்சி. ஜடை, சுட்டி, ஒட்டியாணம், எல்லாம் உன்கிட்டதான். தட்டும் நீயே செஞ்சிடு. ஒம்போது தட்டு."

மருமகள் என்னைப் பார்த்தாள். முந்நூறு பேர். அதில் முப்பது வீட்டிலாவது கல்யாண வயசுப் பெண் இருக்கும். இது ஒன்று சரியாக நடந்தால் தொழில் நின்றுவிடும்.

"ஒண்ணு மட்டும் மறக்காத," என்றார் சுங்காய் அம்மா. "மாப்பிள்ளை வீட்டுல எத்தனை தட்டு கொண்டாந்தாலும், நம்ம தட்டு ரெண்டு கூட இருக்கணும். ஒத்தைப்படையா."

"ஆகட்டும்மா," என்றாள் மருமகள்.

நான்கு நாள் கழித்துத் தெலுக் இந்தானில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். பேஸ்புக்கில் ஜடைப் படம் பார்த்தாராம். மகனுக்குப் பரிசம். பதினொரு தட்டு வேண்டும். மருமகள் தேதி கேட்டாள், இடம் கேட்டாள், எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். அதே தேதி. அதே மண்டபம். மாப்பிள்ளையின் அம்மா.

"பொண்ணு வீட்டுல எத்தனை வச்சாலும் நாங்க ரெண்டு கூட வைக்கணும்மா. ஒத்தைப்படையா," என்றார் அந்த அம்மாவும்.

"ஆகட்டும்மா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"சொல்லிடு," என்றேன்.

"சொன்னா ரெண்டு பேருமே வேற ஆளைப் பார்த்துடுவாங்க மாமா. ஒரே கடையில வாங்குறதான்னு கௌரவம் பார்ப்பாங்க."

"இவங்களுக்கு அவங்களை விட ரெண்டு கூட. அவங்களுக்கு இவங்களை விட ரெண்டு கூட."

"ஆமா."

"இது நிக்காது," என்றேன்.

நின்றிருக்கும். நிற்காமல் போனதற்கு எங்கள் வாய்தான் காரணம். சுங்காய் அம்மா ஒட்டியாணத்துக்கு அளவு கொடுக்க வந்தவர், மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பற்றி ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்டார். மருமகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "பதினொண்ணுன்னு யாரோ பேசிக்கிட்டாங்க," என்றாள். உடனே பதிமூன்று ஆயிற்று.

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணே, பொண்ணு வீட்டுல எத்தனைன்னு ஏதும் தெரியுமா?"

"பதிமூணு."

கேட்டார், சொன்னேன். தெலுக் இந்தான் அம்மா அங்கேயே பதினைந்து ஆக்கிவிட்டார். மருமகள் தலை துவட்டிக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டாள்.

"மாமா, வருசத்துக்கு நாலு வார்த்தை பேசுறீங்க. அதுல ஒண்ணு இதுவா?"

பதினேழு ஆயிற்று. பத்தொன்பது ஆயிற்று. தட்டு கூடக் கூட, தட்டில் வைக்கச் சாமான் இல்லை. பழம், இனிப்பு, வெற்றிலைபாக்கு, பூ, சேலை, வளையல், சோப்பு சீப்பு எல்லாம் முன்னமே வைத்தாயிற்று. துவாலையை மடித்து அன்னப்பறவை செய்தாள். பிஸ்கட் டின்னை அடுக்கிக் கோபுரம் கட்டினாள். அதற்கு மேல் அவளுக்கும் ஓடவில்லை.

"மாமா, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. தட்டுல என்ன வைக்கலாம்?"

யோசித்தேன். "டார்ச் லைட்டு."

"வேற?"

"ஜம்பர் கேபிள்."

"கல்யாண வீடு மாமா."

"அவங்களுக்கும் கார் இருக்கும்ல."

டார்ச் லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். பிறகு பம்பளிமாஸ் வாங்கி வரச் சொன்னாள். ஈப்போவில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு இரண்டு பழமாக வைத்து, கண் மூக்கு வரைந்து, ஒன்றுக்கு மீசை, ஒன்றுக்குப் பொட்டு, விற்காத நெத்திச்சுட்டி. மாப்பிள்ளையும் பெண்ணும். மூக்கு வரைந்தது நான். ஒரு வீட்டுக்கு வரைந்த மூக்கு நன்றாக வந்தது. இன்னொரு வீட்டுக்குக் கொஞ்சம் கோணல்.

தட்டுகளும் பற்றவில்லை. வேலியோரம் போய் நின்றேன். சீனர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோப்பிக்கடையில் இருந்து வட்டத் தட்டு இருபத்தைந்து கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் பீர் போத்தல் படம். தங்கக் காகிதத்தை ஒட்டிப் படத்தை மறைத்தோம்.

பரிசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மருமகள் ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் போன் போட்டாள். அவர்கள் பத்தொன்பதோடு நிறுத்திவிட்டார்கள் என்று இவர்களிடம் சொன்னாள். இவர்கள் பத்தொன்பதோடு நிறுத்திவிட்டார்கள் என்று அவர்களிடம் சொன்னாள். இரண்டு அம்மாக்களும் சந்தோஷமாக இருபத்தொன்று என்றார்கள்.

"அன்னிக்கு எண்ணுவாங்க," என்றேன்.

"அவ்வளவு தட்டையும் யார் மாமா உக்கார்ந்து எண்ணப் போறா?"

தோட்டத்துச் சனம். எண்ணாமல் எப்படி இருக்கும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு தடவை பேசிக் கெட்டது போதும்.

காலையில் சீனரின் வேனில் எல்லாத் தட்டையும் ஏற்றினோம். லாரியில் குலை ஏற்றுவதைவிட இது சிரமம். குலைக்கு மூக்கு அழியாது. பீடோரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தெலுக் இந்தான் சனம் வண்டிகளோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு இருபத்தொன்றை இறக்கினோம். பிறகு சுங்காய் பக்கம் போய், தோட்டத்துக்குள் திரும்பி, மண்டபத்தின் பின்வாசலில் இருபத்தொன்றை இறக்கினோம். மருமகள் பெண்ணுக்கு ஜடை மாட்டப் போய்விட்டாள். நான் வேனில் உட்கார்ந்தேன். மிச்சம் ஒரு தட்டு, என் காலைப் பசியாறல், கோப்பிப் பிளாஸ்க்.

மேளம் கேட்டதும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். வரவர வந்துகொண்டே இருந்தார்கள். பெண் வீட்டுத் தட்டு முன்னமே ஒரு பக்கம் வைத்தாயிற்று. எதிர்வரிசையில் இவர்கள் வைத்தார்கள். முந்நூறு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். வாய் அசைந்தது. விரல் அசைந்தது. எல்லோரும் எண்ணினார்கள்.

இந்தப் பக்கம் இருபத்தொன்று. அந்தப் பக்கம் இருபத்தொன்று.

இந்தப் பக்கம் அன்னப்பறவை. எதிரே அன்னப்பறவை. இந்தப் பக்கம் பிஸ்கட் கோபுரம். எதிரே பிஸ்கட் கோபுரம். இந்தப் பக்கம் டார்ச் லைட்டு. எதிரே டார்ச் லைட்டு. பம்பளிமாஸ் மாப்பிள்ளையும் பம்பளிமாஸ் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேளம் தானாக நின்றது.

இரண்டு அம்மாக்களும் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார்கள். அவள் பெண்ணின் ஜடையைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள். ஆறின கை. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

"தங்கச்சி," என்றார் சுங்காய் அம்மா. "அவங்களுக்குப் பத்தொன்பதுன்னு சொன்னியே?"

"எங்ககிட்டயும் அதைத்தானே சொன்னா!" என்றார் தெலுக் இந்தான் அம்மா.

மருமகளுக்கு வாய் வரவில்லை. நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் முன்னால் வந்தார். பழைய தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். காலையில் ஆள் எண்ணியே பழக்கம். எதைப் பார்த்தாலும் எண்ணுவார். இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"மொத்தம் நாப்பத்து ரெண்டு! ரெட்டைப்படை!"

சபையே கலங்கிவிட்டது. பரிசத்தில் ரெட்டைப்படையா என்று நாலாபக்கமும் பேச்சு. மருமகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"நீங்க ஒரு தட்டை எடுத்துடுங்க," என்றார் தெலுக் இந்தான் அம்மா.

"எடுத்தா எங்களுக்கு இருபது ஆயிடும். அது மட்டும் என்ன ஒத்தையா? நீங்க எடுங்க."

"நாங்க மாப்பிள்ளை வீடு. நாங்க எடுக்குறதா?"

"சரி, நாங்க கூட வைக்கிறோம்," என்று பெண் வீட்டார் அடுப்படிக்கு ஓடினார்கள். ஒன்று வைத்தால் தங்கள் பக்கம் ரெட்டை ஆகிவிடும் என்று இரண்டாகக் கொண்டுவந்தார்கள். ஒரு தட்டு வடை. ஒரு தட்டு அப்பளம்.

கிராணி எண்ணினார். "நாப்பத்து நாலு. ரெட்டை."

மாப்பிள்ளை வீட்டார் விடுவார்களா? காருக்கு ஓடினார்கள். ஒரு தட்டில் டிஷ்யூப் பெட்டி. ஒரு தட்டில் குடை.

கிராணி எண்ணினார். "நாப்பத்து ஆறு. ரெட்டை."

மாப்பிள்ளையின் அண்ணன் ஒருவர் இருந்தார். என்ஜினியர். கைத்தொலைபேசியை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். திரும்பக் கூட்டிப் பார்த்தார்.

"என்னடா வருது?" என்றார் அவர் அம்மா.

"நாப்பத்து ஆறுதாம்மா வருது."

"அதைத்தான் அவரு சும்மாவே சொல்றாரே! இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் இன்னும் பத்து நிமிசம்தான். என்னவோ பண்ணுங்க," என்றார்.

பெண் வீட்டார் திரும்ப அடுப்படிக்குக் கிளம்பினார்கள். ஒருவர் சோற்றுச் சட்டியில் கை வைத்துவிட்டார். பெண் மேடையில் ஜடை கனத்தில் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கனம் எனக்குத் தெரியும். இதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று முன்னால் போனேன்.

"எத்தனை வச்சாலும் ரெட்டைதான்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "யாரு இது?" என்றது ஒரு குரல்.

"சோடி சோடியா பிரிச்சா, இந்த வீட்டுல ஒண்ணு மிஞ்சும். அந்த வீட்டுல ஒண்ணு மிஞ்சும். மிஞ்சின ரெண்டும் ஒரு சோடி. ஆயிரம் தட்டு வச்சாலும் இதான்."

 என்ஜினியர் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். கிராணி பம்பளிமாஸ் தட்டு இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டு இரண்டையும் சேர்த்துவைத்தார். தலையை ஆட்டினார்.

பின்வரிசையில் ஒரு வயசான அம்மா கேட்டார். "அப்படின்னா, இத்தனை வருசமா நம்ம சனத்துல நடந்த பரிசமெல்லாம் ரெட்டைப்படையிலதான் நடந்துச்சா?"

எல்லோரும் அவரவர் கணவனை, மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதான் எனக்கு இப்படி அமைஞ்சிச்சா," என்றார் ஒரு பெரியவர்.

"எனக்கும்தான்," என்றார் அவர் மனைவி.

அங்கேதான் முதல் சிரிப்பு கிளம்பியது. நான் நிற்கவில்லை. வேனுக்குப் போனேன். மிச்சம் இருந்த தட்டில் தங்கக் காகிதம் ஒட்டவில்லை. பீர் போத்தல் படம் பளிச்சென்று இருந்தது. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மேலே விரித்தேன். அதன்மேல் என் பசியாறலை வைத்தேன். நாலு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட், கோப்பிப் பிளாஸ்க். உள்ளே கொண்டுவந்து இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்தேன்.

"இது யார் வீட்டுத் தட்டு?" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"கடைத் தட்டு," என்றேன்.

மருமகளுக்கு அப்போது உயிர் வந்தது. பையில் கைவிட்டு ஒரு நெத்திச்சுட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிளாஸ்க்கின் மூடியில் கட்டிவிட்டாள். நடுக்கல் சரியாகக் கைப்பிடிக்கு மேலே உட்கார்ந்தது.

"தட்டு செஞ்ச வீட்டுலேர்ந்து ஒரு தட்டு வைக்கிறதும்மா," என்றாள். "அது எந்தப் பக்கமும் சேராது."

கிராணி கிட்டே வந்தார். துண்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். துண்டைப் பழையபடி போட்டார்.

"நாப்பத்தேழு," என்றார் சபையைப் பார்த்து. "ஒத்தைப்படை. மேளம் அடிங்கப்பா."

பரிசம் நடந்தது. ஐயருக்கு மூன்று நிமிடம் மிச்சம்.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். மருமகள் எழுந்து நின்றாள். எனக்கு அதற்குள் அவர்கள் மறந்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மறக்கவில்லை.

"எங்களை ஏமாத்திட்டியே தங்கச்சி," என்றார் சுங்காய் அம்மா.

"ரெண்டு பேரும் ரெண்டு கூடக் கேட்டீங்க," என்றேன் நான். "அது முடியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே ஆசை என்று அப்போதுதான் தெரிந்தது. தெலுக் இந்தான் அம்மாவுக்கு உதட்டோரம் துடித்தது.

"நீங்களும் ரெண்டு கூடவா, சம்மந்தி?"

"பின்னே? நீங்க மட்டுமா?"

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க அன்னம் உங்க அன்னத்தை விடக் கொஞ்சம் பெருசு."

"இருக்கட்டும். உங்க பம்பளிமாஸுக்கு மூக்கு கோணல்."

"அது எங்க பையன் மாதிரியே இருக்குன்னு நாங்க பேசிக்கிட்டோம்," என்றார் தெலுக் இந்தான் அம்மா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு பேருக்கும் ஜெயித்த நடை.

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாமா, தொழில் போச்சா, நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலை," என்றேன். "எனக்குப் பசிக்குது. என் வாழைப்பழம் சபையில இருக்கு."

இரண்டு நாள் போன் வரவில்லை. அவள் குளூ கன்னைக் கழுவித் துடைத்து வைத்தாள். மூன்றாம் நாள் ஒரு போன். மண்டபத்துக்கு வந்திருந்த ஒரு அம்மா. நான்காம் நாள் மூன்று போன். அந்த மாதம் முடிவதற்குள் எட்டு வீடு ஆயிற்று. ஜடை கேட்டார்கள், ஒட்டியாணம் கேட்டார்கள், தட்டு கேட்டார்கள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடைத் தட்டு உண்டுதானே?" என்பார்கள்.

"உண்டும்மா."

"வாழைப்பழம், பிஸ்கட்டு, கோப்பி?"

"எல்லாம் அப்படியே."

"பிளாஸ்க்குல சுட்டி கட்டணும். மறந்துடாத."

ஒரு வீட்டில் நல்ல வெள்ளித் தட்டில் வைத்துப் பார்த்தோம். அங்கே ஒரு பெரியவர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது முறையான தட்டு இல்லையே என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து சீனரின் தட்டுதான். கோப்பியும் அவர்தான் போட்டுத் தருகிறார். "ஆனே, நான் கூடத் தமிழ்க் கல்யாணத்துக்குச் சாமான் சப்ளைலா," என்று கடையில் எல்லோரிடமும் சொல்கிறார்.

போன வாரம் ஒரு பரிசத்தில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நடுவில் இருக்கிற பிளாஸ்க்கைக் காட்டி எனக்கு விளக்கம் சொன்னார்.

"அது தோட்டத்து வழக்கம்ண்ணே. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இருக்கு. காலையில ஆள் எண்ணுற பிரட்டுக்குப் போறப்ப கோப்பி கொண்டு போவாங்கல்ல, அந்த ஞாபகத்துக்கு வைக்கிறது."

"அப்படியா," என்றேன்.

"இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எங்க தெரியுது?"

சூப்பர்வைசர் கொடுத்த மூன்று மாதம் முடிகிற தேதி எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு இருந்ததா என்று தெரியவில்லை. அன்று காலையில் அலமாரியைத் திறந்து, தொழிற்சாலையில் கொடுத்த நீல மேல்கோட்டை எடுத்து வந்தாள். மேசையில் விரித்தாள். கத்திரியை எடுத்து முதுகுப் பக்கம் நேராக வெட்டினாள். ஒட்டியாணப் பெட்டிக்கு அடியில் போட மெத்தென்று துணி வேண்டுமாம். வெட்டும்போது ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததால் நான் ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது.

"பட்டன் நல்லா இருக்கு," என்றேன். "எடுத்து வை."

ஐந்து பட்டனையும் அறுத்து என் கையில் கொடுத்தாள்.